பழைய தெருவை இடிக்கத் தூண்டுவது எது?

கேள்வி இதுதான்: ஒரு சிறு நகரம், நடுவே 100, 150 வருடத்துக் கடைத்தெரு. பாதிக் கட்டடங்களில் மாடி பூட்டிக் கிடக்கிறது. வியாபாரிகள் புதுக் கட்டடமும் பார்க்கிங்கும் அகலமான ரோடும் கேட்கிறார்கள். இன்னொரு தரப்பு ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது என்கிறது. நகராட்சி எங்கிருந்து தொடங்குவது? எதிலெல்லாம் சறுக்கும்?

ஊரின் கட்டட விதிப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். பட்டியல், பலகை, விழா எல்லாம் பிறகு. பழைய தெருவில் ஒரு மனையை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். மனை 10 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது 200 சதுர மீட்டர். அதில் நிற்கும் பழைய கட்டடம் கீழே 120, மாடியில் 120, ஆக 240 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2.5 என்று விதி இருந்தால் அந்த மனையில் 500 சதுர மீட்டர் கட்டலாம். இடைவெளி 260. இடித்தால் உங்களுக்கு இவ்வளவு பரிசு என்று நகராட்சியே எழுதிக் கொடுத்ததற்குச் சமம் இது. இந்தப் பரிசை வைத்துக்கொண்டே பாரம்பரியம் பேசினால் உரிமையாளர் காதில் ஏறாது, ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

அதே தெருவுக்கு மட்டும் 1.5 என்று வைத்தால் மொத்தம் 300. இப்போது இருப்பதற்கு மேல் 60 சதுர மீட்டர் கிடைக்கும். அதை மனையின் பின்பக்கம் இரண்டு தளமாக, தளத்துக்கு 30 வீதம் கட்டிக்கொள்ளலாம். உரிமையாளருக்கு வளர்ச்சி கிடைக்கிறது, முன்பக்கமும் நிற்கிறது. ஆனால் இருக்கும் உரிமையைக் குறைத்தால் கூச்சல் வரும். சில நாடுகளில் இழப்பீட்டு வழக்கும் வரும். அதனால் இதைத் தனி ஆணையாகப் போடாமல், முழு நகரத் திட்டத்தையும் திருத்தும்போது, ஊரின் வேறு பகுதியில் கூடுதல் தளம் அனுமதிக்கும் அதே ஆவணத்திலேயே செய்ய வேண்டும்.

கட்டாமல் விட்ட பரப்பை வேறு மனைக்கு விற்கும் உரிமையைக் கொடுக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட அனுமதி மறுத்த வழக்கில், 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அப்படி மாற்றிக்கொள்ளும் வழி இருந்ததும் அந்தத் தீர்ப்பில் ஒரு காரணம். ஆனால் அங்கே அந்தப் பரப்பை வாங்க ஆள் இருக்கிறது. சிறு நகரத்தில் யாருக்கும் ஐந்தாவது மாடி தேவைப்படாது. வாங்க ஆளில்லாத உரிமைச் சான்றிதழ் பீரோவில்தான் கிடக்கும். புதுப் பகுதியில் அடிப்படை அனுமதியைத் தாழ்வாக வைத்து, கூடுதல் வேண்டுமென்றால் பழைய தெருவிலிருந்து வாங்கு என்று விதி வைத்தால்தான் அது ஓடும். அந்தத் துணிச்சல் இல்லாத இடத்தில் இதை அறிவிக்காமலே இருக்கலாம்.

அடுத்து பார்க்கிங் விதி. ஒரு கார் நிற்க, திரும்ப, வெளியேற எல்லாம் சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். 50 சதுர மீட்டர் கடைக்கு ஒரு கார் என்று விதி இருக்கிறது என்று வையுங்கள். 5 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழமுள்ள ஒரு மனையில் 150 சதுர மீட்டர் கடை இருந்தால் மூன்று கார், அதாவது 75 முதல் 90 சதுர மீட்டர். மனையே 100தான். ஆகவே பழைய கட்டடத்தைச் சட்டப்படி புது உபயோகத்துக்கு மாற்றவே முடியாது. இடித்துவிட்டு, தூண்மேல் தூக்கிக் கட்டி, கீழே கார் நிறுத்துவது ஒன்றே வழி. தெருவின் முகம் முழுக்க கேட்டும் இருட்டும் ஆகும். பழைய பகுதிக்கு இந்த விதியிலிருந்து முழு விலக்கு கொடுங்கள். பதிலுக்கு ஒவ்வொரு கடையும் சிறு தொகை கட்டட்டும். அந்தப் பணத்தில் 200 முதல் 250 மீட்டர் தள்ளி, நடந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் வரக்கூடிய இடத்தில், பொது நிறுத்துமிடம் ஒன்று போடுங்கள். கடைக்காரர்களே தங்கள் வண்டியை வாசலில் நிறுத்துவதைத் தடுக்காவிட்டால் எத்தனை நிறுத்துமிடம் போட்டாலும் வாடிக்கையாளருக்கு இடம் இருக்காது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

விதிப் புத்தகத்தில் இன்னும் இரண்டு கண்ணி இருக்கும். ஒன்று, முன்பக்கம் 3 மீட்டர் விட்டுக் கட்ட வேண்டும் என்பது. வரிசையாகத் தெருவை ஒட்டி நிற்கும் கட்டடங்களில் ஒன்று இடிந்து உள்ளே போனால் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். பக்கத்துச் சுவர்கள் மழைக்குத் திறந்துவிடும். பழைய தெருவில் விதியைத் திருப்பி எழுத வேண்டும்: தெருக்கோட்டை ஒட்டித்தான் கட்ட வேண்டும். இரண்டு, எப்போதோ ஒரு வரைபடத்தில் போட்ட சாலை அகலப்படுத்தும் கோடு. கடைகளின் முன்பாதியை வெட்டிக்கொண்டு போகும் அந்தக் கோடு பல வருடம் நிறைவேறாமலே கிடக்கும். ஆனால் அது இருக்கும்வரை யாரும் ஓடு மாற்ற மாட்டார்கள், வங்கியும் கடன் தராது. எந்த இயந்திரமும் வராமலே தெரு முழுக்க நலிந்துவிடும். அகலப்படுத்தப் போவதில்லை என்றால் அந்தக் கோட்டைத் தீர்மானம் போட்டு அழியுங்கள். காசு செலவில்லாமல் செய்யக்கூடியதில் இதைவிடப் பலன் தருவது வேறு இல்லை.

இதற்குப் பிறகுதான் எந்தக் கட்டடங்களைக் காப்பது என்ற கணக்கெடுப்பு. வயது மட்டும் அளவுகோல் ஆகாது. அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் பொதுவாக 50 வருடம், இங்கிலாந்தில் 30 வருடம் கழித்துத்தான் பரிசீலனை. இது நுழைவுத் தகுதி, அவ்வளவே. தரம் பிரிப்பதில் துணிச்சல் வேண்டும். இங்கிலாந்தில் பட்டியலில் உள்ள கட்டடங்களில் முதல் தரம் 2.5 சதவீதம், அடுத்தது 5.8 சதவீதம், மீதி 91.7 சதவீதம் கடைசித் தரம். சிறு நகரத்திலும் கிட்டத்தட்ட இந்த வடிவம்தான் வரும். உள்ளும் புறமும் தொடக்கூடாத கட்டடம் ஐந்தாறு. முன்பக்கமும் கூரையும் உயரமும் நிலைக்க வேண்டியவை ஒரு நூறு. தனியாகப் பெரிய சிறப்பு இல்லாமல் வரிசையில் நிற்பதாலேயே தெருவைத் தெருவாக்குபவை மூன்றாவது தரம். இவற்றில் சேராதவற்றை 'தாராளமாக இடிக்கலாம்' என்று எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் காப்போம் என்று போட்ட பட்டியலுக்கு முதல் வழக்கிலேயே மதிப்புப் போய்விடும். தனிக் கட்டடத்தை விட்டுப் பகுதியாகக் காக்கும் வழி இங்கிலாந்தில் 1967 சட்டத்தில் வந்தது. அந்த வருடமே முதலில் அறிவிக்கப்பட்டது ஸ்டாம்ஃபோர்டு என்ற சிறு நகரம்தான்.

படிவத்தில் புகைப்படம், அகலம், தளங்களின் உயரம், சுவர் எதனால் ஆனது, கதவு ஜன்னல் நிலை இவை எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது மூன்று. பக்கத்து மாடியிலிருந்து எடுத்த கூரைப் படம் ஒன்று. கூரை நீர் எங்கே விழுந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்ட ஒரு கிறுக்கல் படம் இரண்டு. சொத்தில் எத்தனை பேருக்குப் பங்கு, வழக்கு உண்டா என்பது மூன்றாவது. கட்டடம் ஏன் பழுதாகிக் கிடக்கிறது என்பதற்குப் பதில் பெரும்பாலும் இந்த மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கும். எட்டுப் பங்காளிகளில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருந்தால், பத்தாயிரம் ரூபாய் கூரை வேலைக்கும் கையெழுத்து கிடைக்காது. அப்படிப்பட்ட கட்டடத்துக்கு நகராட்சியே அவசரப் பழுது பார்த்து, செலவைச் சொத்துவரியில் சேர்க்கும் அதிகாரம் வேண்டும்.

வரைவுப் பட்டியல் வெளியாகும் நாளுக்கும் இறுதி உத்தரவு வரும் நாளுக்கும் இடையில்தான் அதிக இடிப்பு நடக்கும். பட்டியலில் பெயர் வரப்போகிறது என்று தெரிந்த உடனே ஒரு வார இறுதியில் பொக்லைன் வந்துவிடும். வரைவு வெளியாகும் அதே காலையில் ஆறு மாத இடைக்காலத் தடையும் அமலுக்கு வர வேண்டும். இதை மறந்துவிட்டுப் பட்டியல் போட்டால், எதை இடிக்க வேண்டும் என்று நீங்களே முகவரி கொடுத்தது போல்.

தடை போட்டால் மட்டும் போதாது, அனுமதியும் வேகமாகக் கிடைக்க வேண்டும். இருந்தது இருந்தபடி ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது, உடைந்த கம்பி மாற்றுவது இவற்றுக்கு அனுமதியே வேண்டாம். பின்பக்க விரிவு, பெயர்ப்பலகை, கடை முகப்பு மாற்றம் போன்றவற்றை ஒரு அதிகாரியே 15 நாளில் முடிக்கட்டும். முடிக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே அர்த்தம். இடிப்பு மட்டும் குழுவுக்குப் போகட்டும். அதில் தாமதத்தால் தானாக அனுமதி கிடைக்கும் பேச்சே இருக்கக் கூடாது. ஜன்னல் மாற்ற நான்கு மாதம் அலைய வேண்டிய ஊரில் எல்லா வேலையும் ஞாயிற்றுக்கிழமை இரவில் நடக்கும், அதுவும் கையில் கிடைத்த சிமென்ட்டை வைத்து.

சிமென்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தில் செய்யும் பழுதுபார்ப்பே பழைய சுவரைக் கொல்வது இங்கேதான். பழைய செங்கல் குறைந்த சூட்டில் சுட்டது, நீரை உறிஞ்சும். அதை இணைத்த சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, ஈரம் அதன் வழியாக ஆவியாகிப் போகும். உப்பு பூத்தாலும் சாந்தில்தான் பூக்கும், உதிர்ந்தாலும் சாந்துதான் உதிரும். இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் புதுச் சாந்து வைத்தால் சுவர் பிழைத்துக்கொள்ளும். அந்த இணைப்புகளில் சிமென்ட் பாயிண்டிங் செய்துவிட்டால் ஈரத்துக்கு இருக்கும் ஒரே வழி செங்கல்தான். உப்பு செங்கல்லின் தோலுக்குப் பின்னால் படிகமாகி முகத்தைத் தள்ளும். சில வருடம் கழித்துப் பாருங்கள்: செங்கல் எல்லாம் குழிந்து போயிருக்கும், சிமென்ட் கோடுகள் மட்டும் தேன்கூடு போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பொறியாளர் சுவரில் பலமில்லை, இடித்துவிடலாம் என்று எழுதுவார்.

சரியாகச் செய்ய: இணைப்பை அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மில்லிமீட்டர், உளியால் கையால் சுரண்டுங்கள். கிரைண்டர் வைத்தால் செங்கல்லின் விளிம்பு போய்விடும், மெல்லிய இணைப்பில் அதைத் தவிர்க்கவே வழியில்லை. தூசியை ஊதி, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு சாந்து. ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, மணல் இரண்டரை முதல் 3 பங்கு. பழைய சாந்தில் ஒரு கட்டியை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அதன் நிறமும் பருமனும் எதுவோ அதே மணலைத் தேடுங்கள். வெயில் நேரடியாகப் படாமல் சாக்கு கட்டி, ஒரு வாரமாவது ஈரப்பதம் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு ஈரமும் நாளும் தேவை. அவசரப்பட்டுக் காயவிட்டால் பொடியாகும். அப்போது கொத்தனார் 'சுண்ணாம்பு நிக்காது, கொஞ்சம் சிமென்ட் போட்டுக்கலாம்' என்பார். அந்தக் 'கொஞ்சம்' எதையும் காப்பாற்றாது. எப்போதும் ஈரமான அடிச்சுவருக்கு, நீரிலும் இறுகும் ரகச் சுண்ணாம்பு தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வெளிப்பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான், கொப்பளித்துக்கொண்டு வரும்.

சிமென்ட்டுக்கு அடுத்த எதிரி ரோடு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் 4, 5 சென்டிமீட்டர் ஏறும். ஐந்து முறை போட்டால் 20 முதல் 25 சென்டிமீட்டர். வாசலில் இரண்டு படி இருந்த கட்டடத்தில் அரைப் படிதான் மிஞ்சும், மழைநீர் உள்ளே வரும். உரிமையாளர் உள்ளே கான்கிரீட் போட்டுத் தரையை உயர்த்துவார். முன்பு தரை வழியாகவும் வெளியேறிய ஈரம் அடைபட்டு முழுக்கச் சுவரில் ஏறும். நிலைக்கதவில் தலை இடிக்கும், ஜன்னல் முழங்காலுக்கு வரும். கட்டடம் பள்ளத்தில் இருக்கிறது, பிரயோஜனமில்லை என்று முடிவாகும். கட்டடம் எங்கும் இறங்கவில்லை, ரோடுதான் ஏறியது.

இதற்கு ரோடு ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும். ஒப்பந்ததாரர் எத்தனை சென்டிமீட்டர் புதிதாகப் போடுகிறாரோ அத்தனையைப் பழையதில் சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும். முடிந்த ரோட்டின் மட்டம் அந்தத் தெருவின் மிகத் தாழ்ந்த வாசலைவிடக் குறைந்தது 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க, வேலைக்கு முன்பே 50 மீட்டருக்கு ஒன்றாகச் சுவரில் மட்டக்குறி பதித்து வையுங்கள். குறி இல்லாவிட்டால் பில் போடும் நாளில் எல்லா மட்டமும் சரியாகவே இருக்கும். நடைபாதைக் கான்கிரீட்டைச் சுவர்வரை கொண்டுபோய் ஒட்டாமல் 30 சென்டிமீட்டராவது விட்டு, ஜல்லியோ இடைவெளி விட்ட கல்லோ போடுங்கள். அந்தப் பட்டை வழியாக மண்ணின் ஈரம் வெளியேறும்.

குழாய் பதிக்கும்போதும் கவனம். பழைய கட்டடங்களின் அடித்தளம் பல இடங்களில் 60 முதல் 90 சென்டிமீட்டர்தான். அதை ஒட்டி ஒன்றரை மீட்டர் பள்ளம் நீளமாகத் தோண்டி இரவில் விட்டுவிட்டால், மழை வந்த மறுநாள் சுவரில் சாய்வாக விரிசல் விழும். அடித்தளத்தின் அடிமட்டத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒரு கோடு இறக்குங்கள். பள்ளத்தின் அடி அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தால் பயமில்லை. இடமில்லை என்றால் 3, 4 மீட்டர் துண்டாகக் கையால் தோண்டி, குழாய் வைத்து, மண் தள்ளி இறுக்கிவிட்டுத்தான் அடுத்த துண்டு. மின்சாரம், இணையம், தண்ணீர், சாக்கடை நான்கையும் ஒரே தடவை தோண்டிப் போட நான்கு துறையையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் இதில் கடினமான வேலை.

காலி மாடிகளுக்கு வருவோம். காலியானதற்குக் காரணம் ஆள் வராதது என்று நினைப்போம். பல கட்டடங்களில் காரணம் படிக்கட்டு. கீழ்க்கடையின் முகப்பை அகலமாக்க, தெருவிலிருந்து மாடிக்குப் போன தனிவழியைக் கடைக்குள் சேர்த்திருப்பார்கள். அதன் பிறகு கடைக்குள் புகுந்துதான் மேலே போக முடியும், யார் குடிவருவார்? ஒரு மீட்டர் அகலத்துக்கு அந்த வழியைத் திரும்ப எடுங்கள். கடைக்காரர் விட மறுத்தால் பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டையே இரண்டுக்கும் பொதுவாக்கி, நடுச்சுவரில் கதவு வைக்கலாம்; இரண்டு உரிமையாளரும் பதிவு செய்த ஒப்பந்தம் போட வேண்டும்.

மாடியில் என்ன வைப்பது என்பதைத் தளமே சொல்லும். குடியிருப்புக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை தாங்கினால் போதும். கடை என்றால் 400. கோப்பு அடுக்கும் அறைக்கு 500-ம் அதற்கு மேலும். மரத்தளத்தில் வீடு, சிறு அலுவலகம், மருத்துவர் அறை, தையல் பயிற்சி எல்லாம் நடக்கும், கிடங்கு கூடாது. உத்திரத்தைச் சோதிக்கும்போது நடுவில் தட்டிப் பார்த்துப் பயனில்லை. அழுகுவது சுவருக்குள் புகுந்திருக்கும் கடைசி 30 சென்டிமீட்டர். அங்கே கூர் ஊசியால் குத்திப் பாருங்கள், எளிதாக இறங்கினால் முனை போய்விட்டது. முழு உத்திரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கெட்ட முனையை வெட்டி, புது மரம் ஒட்டியோ இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டோ நிறுத்தலாம். ஆனால் அந்த இடத்துக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து நிறுத்தாவிட்டால் புது முனையும் பத்து வருடம்தான்.

கடைத்தெருவை ஓட வைப்பதில் அமெரிக்காவின் மெயின் ஸ்ட்ரீட் திட்டம் நல்ல பாடம். 1977-இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று சிறு நகரங்களில் சோதனையாகத் தொடங்கி, 1980-இல் தேசிய அளவுக்குப் போனது. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு தெருவுக்கு ஒரு முழுநேர ஊழியர் என்ற ஏற்பாடு. எந்தக் கடை காலியாகப் போகிறது, யார் இடம் தேடுகிறார்கள், யார் கூரை ஒழுகுகிறது என்பதைத் தினமும் நடந்து தெரிந்துகொள்ளும் ஒருவர். குழுக்கள் மாதம் ஒருமுறை கூடும். கூரை தினமும் ஒழுகும்.

பேருந்து நிலையம், தாலுகா அலுவலகம், மருத்துவமனை, சந்தை எல்லாவற்றையும் புறவழிச்சாலைக்கு மாற்றிவிட்டு, பழைய தெருவை அழகுபடுத்தக் கல் பதிப்பார்கள். கல் மேல் நடக்க ஆள் இருக்காது. லாரியை வெளியே அனுப்பப் புறவழிச்சாலை நல்லதுதான், ஆனால் அதன் இருபுறமும் கடை கட்ட அனுமதித்தால் இரண்டாவது கடைத்தெரு அங்கே முளைக்கும். நேரடி நுழைவாயிலைத் தடுத்துவிட்டால் அது சாலையாகவே இருக்கும். நகராட்சி அலுவலகம் முதலில் பழைய கட்டடம் ஒன்றுக்குள் குடிபோவது நல்லது. அதன் பழுதுபார்ப்பு மற்றவர்களுக்குச் செயல்விளக்கமாகும், கொத்தனார்களுக்கும் பயிற்சிக்களமாகும்.

புதுக் கட்டடம் வரும் இடத்தில் பழைய பாணியில் போலித் தூணும் வளைவும் ஒட்டச் சொல்லாதீர்கள். 1964 வெனிஸ் சாசனம், விடுபட்ட பகுதியை ஈடுசெய்யும் பாகங்கள் முழுமையோடு இசைந்தும், அதே சமயம் மூலத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. புதுக் கட்டடத்துக்கும் அந்த அறிவுரை பொருந்தும். தெருவின் தாளம் அகலத்தில் இருக்கிறது. எல்லாக் கட்டடமும் 5, 6 மீட்டர் அகலத்தில் இருக்கும்போது நான்கு மனையைச் சேர்த்து 24 மீட்டருக்கு ஒரே கண்ணாடிச் சுவர் எழுப்பினால், உயரம் ஒத்துப்போனாலும் தெரு உடைந்துவிடும். முகப்பை நான்காகப் பிரி, கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் வை, தளக்கோட்டைப் பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டி ஓட்டு என்று மூன்று வரி விதி போதும். முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் முழுக்கப் புதிதாகக் கட்டுவதைச் சிலர் சமரசம் என்பார்கள். பழைய ஜன்னலுக்குப் பின்னால் புதுத் தளத்தின் விளிம்பு குறுக்கே தெரிவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடைசித் தரக் கட்டடம் சரிந்து விழும் நிலையில் இருந்தால் மட்டும் ஏற்கலாம்.

மேலே ஒரு தளம் கூட்ட வேண்டும் என்பவருக்குப் பார்வைக்கோடு வரைந்து காட்டுங்கள். தெரு அகலம் 8 மீட்டர், கைப்பிடிச் சுவரின் உச்சி 7 மீட்டர், எதிர்ப்பக்கம் நிற்பவரின் கண் 1.6 மீட்டர். கண்ணிலிருந்து அந்த உச்சி வழியாகப் போகும் கோடு ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.675 மீட்டர் ஏறுகிறது. புதுத் தளம் 10 மீட்டர் உயரம் வந்தால், அது முகப்பிலிருந்து சுமார் 4.5 மீட்டர் பின்தள்ளி இருந்தால் எதிரிலிருந்து தெரியாது. தெருமுனையிலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும், அங்கேதான் பக்கச்சுவர் காட்டிக்கொடுக்கும்.

சுற்றுலாவை வைத்தே எல்லாவற்றையும் நியாயப்படுத்தும் திட்ட அறிக்கைகளை நம்ப வேண்டாம். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் வசிப்பது சுமார் 750 பேர். நெரிசலான நாட்களில் ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறார்கள். 2020 முதல் அங்கே பேருந்துகளுக்கு நேர ஒதுக்கீடு வைக்க வேண்டியதாயிற்று. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000-இன் தொடக்கத்தில் விலகியபோது, பழைய குடியிருப்பாளர்கள் பெருமளவில் வெளியேற வேண்டி வந்தது. யுனெஸ்கோ பட்டம் 2008-இல் வந்தது. கட்டடம் நின்று குடிகள் போவதும் இழப்புதான். ஜப்பானின் த்சுமாகோ வேறு வழியில் போனது. 1971-இல் ஊரார் கூடி, விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று சாசனம் எழுதிக்கொண்டார்கள். எல்லா ஊருக்கும் அவ்வளவு கடுமை ஒத்துவராது. தங்கும் விடுதியாக மாற்றும் வீடுகளுக்குத் தெருவாரியாக உச்சவரம்பு போடுவது எந்த ஊருக்கும் சாத்தியம்.

பணம். முகப்புக்கு வண்ணம் அடிக்க மானியம் கொடுப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். முதல் பணம் கூரைக்கும் அதன் மழைநீர் வடியும் தாரைக்கும் போக வேண்டும். அடைபட்ட ஒரு தாரை ஒரு பருவத்தில் ஒரு சுவரை நனைத்துவிடும். செலவில் பாதி நகராட்சி, பாதி உரிமையாளர் என்று, வேலை முடிந்து பார்த்த பிறகு தொகை. பழுது பார்த்ததால் மதிப்புக் கூடி வரி ஏறும் என்றால் யாரும் தொட மாட்டார்கள். பத்து வருடத்துக்குப் பழைய மதிப்பிலேயே வரி நிற்கட்டும். அமெரிக்காவில் வருமானம் தரும் பதிவு பெற்ற பழைய கட்டடங்களின் புனரமைப்புச் செலவில் 20 சதவீதம் கூட்டரசு வருமான வரியில் கழிகிறது. அந்த அளவு அதிகாரம் நகராட்சிக்கு இல்லை. சுழல்நிதி வைக்க முடியும்: பங்காளிச் சண்டையில் கிடக்கும் ஒரு கட்டடத்தை வாங்கி, கூரையும் கட்டமைப்பும் சரிசெய்து, இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதி விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்குவது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நஷ்டம் வரும் என்று வரவு செலவில் முன்கூட்டியே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் தணிக்கையில் மூன்றாவது கட்டடத்தோடு நின்றுவிடும்.

சிலதைக் காப்பாற்ற முடியாது, இடிப்புக்கு அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். அப்போதும் ஒரு வரிசை இருக்கிறது. அந்த இடத்தில் வரப்போகும் கட்டடத்தின் வரைபடம் ஒப்புதல் ஆகி, கட்டுமானப் பணத்துக்கு ஆதாரமும் காட்டிய பிறகே இடிப்பு ஆணை கையில் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பத்து வருடம் காலிமனையாகக் கிடந்து வாகன நிறுத்துமிடம் ஆகும். அளந்து வரைந்த படமும் உள்ளறைகளின் புகைப்படமும் ஆணைக்கு முன்பே நகராட்சிக் கோப்பில் இருக்கட்டும். இடிப்பதைப் பொக்லைனுக்குக் கொடுக்காமல் மேலிருந்து கழற்றச் சொல்லுங்கள்: ஓடு, கைமரம், உத்திரம், நிலை, கடைசியாகச் செங்கல். சுண்ணாம்பில் கட்டிய செங்கல் லேசாகத் தட்டினாலே முழுசாக வந்துவிடும், பக்கத்துச் சுவர்களின் பழுதுக்கு அதைவிடப் பொருத்தமான செங்கல் வேறெங்கும் கிடைக்காது. நடுவில் யாராவது சிமென்ட் வைத்துப் பூசிய இடத்தில் மட்டும் செங்கல் உடைந்துதான் வரும்.